மாணவர் பேரவை அடுத்த ஆண்டுகளுக்கு எப்படித் திட்டமிடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் பாடம் எடுப்பதோடு மாணவர் பேரவையின் ஆலோசகராகவும் இருக்கிறேன். புதிதாகப் பொறுப்பேற்கும் தலைவர், செயலாளர், வகுப்புப் பிரதிநிதிகள் எல்லாரும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடு வருகிறார்கள். பக்கத்து ஊர்க் கல்லூரிகளிலிருந்து போன் செய்பவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டு அரசு, அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரிகளை மனதில் வைத்து எழுதியது. மற்றவர்கள் தங்கள் நிலைக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஆண்டு விழா, பொங்கல் விழா நடத்துறதைத் தாண்டி பேரவைக்கு என்ன மேடம் வேலை?

விழா நடத்துவதும் உங்கள் வேலைதான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பேரவை இருப்பதற்கான காரணம் வேறு. மாணவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது, முடிவெடுக்கிறவர்களிடம் அதைக் கொண்டுபோய்ச் சொல்வது, என்ன பதில் கிடைத்தது என்று திரும்ப வகுப்புக்கு வந்து சொல்வது. இந்தக் கடைசி வேலையைத்தான் பெரும்பாலான பேரவைகள் விட்டுவிடுகின்றன. முதல்வர் "பார்க்கலாம்" என்று சொன்னால், "பார்க்கலாம் என்றார்" என்பதையாவது போய்ச் சொல்லுங்கள். பதிலே சொல்லாத பேரவையிடம் அடுத்த முறை யாரும் குறையைச் சொல்ல மாட்டார்கள்.

எங்க காலேஜ்ல எலெக்‌ஷனே கிடையாது. பிரின்சிபால் பார்த்துப் போட்டவங்கதான் நாங்க. எங்களை பேரவைன்னு சொல்லிக்கவே கூச்சமா இருக்கு.

கூச்சப்பட வேண்டாம், ஆனால் அதோடு நின்றுவிடவும் வேண்டாம். மாணவர் தேர்தல்களை எப்படி நடத்துவது என்று ஆராய ஜே.எம். லிங்டோ தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் அவர். அந்தக் குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தேர்தலுக்கு ஏற்ற சூழல் இல்லாத இடங்களில் நியமன முறை இருக்கலாம் என்று அந்த அறிக்கை ஒப்புக்கொள்கிறது. ஆனால் அது இடைக்கால ஏற்பாடு மட்டுமே, 5 ஆண்டுகளுக்குள் தேர்தல் முறைக்கு மாற வேண்டும் என்றும் சொல்கிறது.

அதனால் நியமனத்தில் வந்த பேரவையின் நீண்டகாலத் திட்டத்தில் "தேர்தலுக்கு மாறுவது" கட்டாயம் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. உடனே தலைவர் பதவிக்கு நேரடித் தேர்தல் கேட்டால் நிர்வாகம் பயப்படும். முதலில் வகுப்புப் பிரதிநிதிகளை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கலாம். அடுத்த ஆண்டு அந்தப் பிரதிநிதிகள் சேர்ந்து நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கலாம். சண்டை சச்சரவு இல்லாமல் இரண்டும் நடந்துவிட்டால், அப்புறம் மறுப்பதற்குக் காரணம் இருக்காது.

லிங்டோ கமிட்டிப்படி யாரு நிக்கலாம்? எவ்வளவு செலவு பண்ணலாம்?

இளநிலை மாணவர்கள் 17 முதல் 22 வயதுக்குள் இருக்க வேண்டும். முதுநிலைக்கு உச்ச வயது 24–25, ஆராய்ச்சி மாணவருக்கு 28. முழுநேர மாணவராக இருக்க வேண்டும். 75 சதவீதம் அல்லது பல்கலைக்கழகம் சொல்லும் அளவு வருகைப் பதிவு வேண்டும். போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. நிர்வாகி பதவிக்கு ஒருவர் ஒரு முறைதான் நிற்கலாம், செயற்குழு உறுப்பினருக்கு இரண்டு முறை.

ஒரு வேட்பாளரின் செலவு வரம்பு 5,000 ரூபாய். முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் கணக்கு கொடுக்க வேண்டும். அச்சடித்த போஸ்டருக்கு இடமில்லை. கையால் எழுதியதை ஒதுக்கப்பட்ட இடத்தில் மட்டும் ஒட்டலாம். வேட்புமனுவிலிருந்து முடிவு அறிவிப்பு வரை எல்லாம் 10 நாளில் முடிய வேண்டும், கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரத்துக்குள் தேர்தல் நடக்க வேண்டும். திட்டமிடுகிறவர்களுக்கு இந்தக் கடைசி விதிதான் முக்கியம். தேர்தல் தள்ளிப்போகிற ஒவ்வொரு வாரமும் உங்கள் வேலை நாட்களிலிருந்துதான் போகிறது.

இருக்கறதே ஒரு வருஷம். இதுல எதிர்காலத் திட்டம் எதுக்கு மேடம்?

ஒரு வருஷம்கூட உங்களுக்கு இல்லை. ஆகஸ்டில் பொறுப்பேற்கிறீர்கள். அக்டோபரில் இன்டர்னல், நவம்பரில் செமஸ்டர் தேர்வு. டிசம்பரில் விடுமுறை, ஜனவரியில் பொங்கல். பிப்ரவரியிலிருந்து ஆண்டு விழா, விளையாட்டு விழா வேலைகள் இழுக்கும். மார்ச் முடிவதற்குள் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மனதளவில் கிளம்பிவிடுவார்கள். நிதானமாக உட்கார்ந்து ஒரு வேலையைத் தொடரக் கிடைப்பது நான்கைந்து மாதம்தான்.

ஆனால் கல்லூரியில் உருப்படியான எந்த மாற்றமும் நான்கைந்து மாதத்தில் முடிவதில்லை. கழிப்பறைக் கட்டடத்துக்கு மதிப்பீடு போட்டு, அனுமதி வாங்கி, நிதி ஒதுக்கி, கட்டி முடிக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும். முதல் ஆண்டுப் பேரவை மனு கொடுக்கிறது. அடுத்த பேரவைக்கு அந்த மனு இருப்பதே தெரியாமல் புதிதாக ஒன்றைக் கொடுக்கிறது. மூன்றாவது பேரவையும் அதையே செய்கிறது. அலுவலகத்தில் மூன்று மனுக்களும் மூன்று கோப்புகளில் தூங்கும். என்னைக் கேட்டால், பேரவைகளுக்கு இருக்கும் மிகப் பெரிய சவால் பணமும் இல்லை, நிர்வாகமும் இல்லை. இந்த மறதிதான். ஒருவர் பதவிக்காலத்தைத் தாண்டி வேலை தொடர வேண்டும் என்பதற்காகத்தான் திட்டம்.

எல்லாமே முக்கியமாத்தான் தெரியுது. எதை முதல்ல எடுக்கறதுன்னு எப்படி முடிவு பண்றது?

நிர்வாகிகள் நாலு பேர் கேண்டீனில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். ஆன்லைன் படிவத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். எப்போதும் பேசுகிற அதே ஆட்கள்தான் அதையும் நிரப்புவார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். பேர் எழுதாமல் ஒரு துண்டுத் தாளில் ஒரே ஒரு குறையை எழுதச் சொல்லுங்கள். "ஒன்றுதான்" என்று கட்டாயப்படுத்தினால்தான் உண்மையில் உறுத்துவது எது என்று வெளியே வரும்.

வந்ததையெல்லாம் பிரித்துப் பார்த்து மூன்றை மட்டும் எடுங்கள். இந்த செமஸ்டரிலேயே முடியக்கூடியது ஒன்று. இந்த ஆண்டுக்குள் முடியக்கூடியது ஒன்று. நீங்கள் தொடங்கி வைத்து அடுத்தவர்கள் முடிக்க வேண்டியது ஒன்று. முதலாவது முடிந்தால்தான் மற்ற இரண்டுக்கும் மாணவர்கள் உங்கள் பின்னால் நிற்பார்கள். பதினைந்து வாக்குறுதிகள் அடங்கிய நோட்டீஸ் போட்ட பேரவைகளைப் பார்த்திருக்கிறேன். ஏப்ரலில் அந்த நோட்டீஸைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கேர்ள்ஸ் எதுவுமே சொல்ல மாட்டேங்கிறாங்க மேடம். மீட்டிங் வெச்சாலும் அமைதியா இருக்காங்க.

கூட்டத்தில் கேட்டால் சொல்ல மாட்டார்கள்தான். துண்டுத் தாளில் கேட்டுப் பாருங்கள், பாதிக்கு மேல் கழிப்பறை என்றுதான் வரும். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து, வீட்டுக்குப் போய்த்தான் பாத்ரூம் போகிறேன் என்று சொல்லும் பிள்ளைகள் எந்தக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். இது உடம்பைக் கெடுக்கிற விஷயம். இதைவிட எந்தக் கலைவிழாவும் பெரிதில்லை.

"கழிப்பறை சரியில்லை" என்று மொட்டையாக மனு எழுதாதீர்கள். மாடியில் மதியத்துக்கு மேல் குழாயில் தண்ணீர் வருகிறதா, எத்தனை கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, வாளியும் கப்பும் இருக்கிறதா, நாப்கின் போட மூடி போட்ட கூடை இருக்கிறதா, நாப்கின் எரிக்கும் இயந்திரம் இருந்தால் அது ஓடுகிறதா, விளக்கு எரிகிறதா என்று தளம் தளமாகப் பார்த்து எழுதுங்கள். தாழ்ப்பாளும் வாளியும் ஒரு வாரத்தில் முடிகிற வேலை. தண்ணீர் ஏறாதது மோட்டாரோ தொட்டியோ சம்பந்தப்பட்டது, கொஞ்ச காலம் ஆகும். புதுக் கட்டடம் மேலே சொன்ன மூன்றாவது வகை. ஒரே குறைக்குள் மூன்று வகை வேலையும் இருக்கிறது, பாருங்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சாய்தளமும் தரைத்தளக் கழிப்பறையும் இருக்கிறதா என்பதையும் அதே சுற்றில் பார்த்துவிடுங்கள். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி அது அவர்கள் உரிமை.

சாயங்காலம் பஸ்ஸே இல்லை. இது காலேஜ் பிரச்சினையா, கவர்மென்ட் பிரச்சினையா? நாங்க என்ன பண்ண முடியும்?

நிறையவே முடியும். பேரவை நேரடியாக வென்று காட்டக்கூடிய விஷயங்களில் இதுவும் ஒன்று. முதலில் ஒரு வாரம், இரண்டு பேர் வீதம் நிறுத்தத்தில் நின்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தடம், எத்தனை மணிக்கு வந்தது, நின்றதா, நிற்காமல் போனதா, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள். பல இடங்களில் கதை எளிமையானதாக இருக்கும். கடைசி வகுப்பு முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் பஸ் கிளம்பிவிடும், அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து வரும்.

அந்தத் தாளை முதல்வரின் முகப்புக் கடிதத்தோடு போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். "கூடுதல் பஸ் வேண்டும்" என்று கேட்டால் வண்டி இல்லை, ஆள் இல்லை என்பார்கள். "இந்தத் தடத்தைப் பத்து நிமிடம் தள்ளி எடுங்கள்" என்று கேட்டால் யோசிப்பார்கள். அங்கே முடியாவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் அதே தாளைக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

பேரவைக்குப் பணம் எங்கிருந்து வரும்? கேட்டா இல்லைங்கிறாங்க.

உங்கள் கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். பல கல்லூரிகளில் பேரவைக் கட்டணம், விளையாட்டுக் கட்டணம், இதழ்க் கட்டணம் என்று தனித்தனியாக இருக்கும். பேரவை என்ற பெயரில் வாங்கியது எவ்வளவு, எதற்குச் செலவானது என்று எழுத்தில் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் கணக்கும் சுத்தமாக இருக்க வேண்டும். ஆண்டு விழா முடிந்த மறுநாள்தான் சிக்கல் தொடங்கும். பந்தல்காரர் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார், சவுண்ட் சர்வீஸ்காரர் தொகையை நிரப்பாத பில்லை நீட்டி "நீங்களே போட்டுக்குங்க தம்பி" என்பார். வாங்காதீர்கள். தேதி, தொகை, கையெழுத்து எல்லாம் போட்ட பில் வந்தால்தான் பணம் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். செலவுப் பட்டியலைத் தகவல் பலகையில் ஒட்டுங்கள். கணக்கு காட்டிய பேரவைக்குத்தான் அடுத்த ஆண்டு நிர்வாகத்திடம் கேள்வி கேட்கும் தெம்பு இருக்கும்.

ஸ்காலர்ஷிப் வரலைன்னு பாதி பேர் புலம்புறாங்க. இது பேரவை வேலையா?

ஆமாம். செலவே இல்லாமல் செய்யக்கூடிய, அதிகம் பேருக்கு உதவக்கூடிய வேலை. உதவித்தொகை நேரடியாக வங்கிக் கணக்குக்கு வருவதால், ஆதார் இணைப்பு சரியில்லாத கணக்குக்குப் பணம் ஏறாது. பெயரில் எழுத்து வித்தியாசம், பள்ளிக் காலத்தில் தொடங்கி முடங்கிப்போன கணக்கு, புதுப்பிக்காத வருமானச் சான்று, பெரும்பாலும் இவைதான் காரணம். வாரத்துக்கு ஒரு மதியம் நூலக வாசலில் ஒரு மேசை போட்டு விவரம் தெரிந்த இரண்டு சீனியர்களை உட்கார வையுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்கள் இருக்கின்றன. மாணவிகளுக்கான புதுமைப் பெண் 2022 செப்டம்பரிலும் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. முதல் தலைமுறைப் பட்டதாரி வீடுகளில் இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. நீங்கள்தான் அந்த ஆள்.

மனு கொடுத்தோம், வாங்கி வெச்சுக்கிட்டாங்க, ஒண்ணும் நடக்கலை. ஸ்ட்ரைக்தானே வழி?

போராடும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அதற்கு முன் இருக்கிற வழிகளை முழுக்கப் பயன்படுத்தினீர்களா என்று பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அலுவலருக்கு மேல்முறையீடு செய்யலாம். "முதல்வர் அவர்களுக்கு" என்று எழுதும் பொதுவான மனுவுக்குக் காலக்கெடு கிடையாது. குறைதீர்க் குழுவுக்கு எழுதும் புகாருக்கு உண்டு. இந்த வித்தியாசம் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

கணக்கு, நிதி ஒதுக்கீடு போன்றவற்றுக்கு 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். இதை மிரட்டலாகப் பயன்படுத்தாதீர்கள். எழுத்தில் கேட்டுக் கிடைக்காதபோது மட்டும் எடுங்கள். இவ்வளவும் செய்துவிட்டு அமைதியாக வாயிலில் உட்கார்ந்தால் உங்கள் பக்கம் இருக்கிற நியாயம் ஊருக்கே தெரியும்.

எந்தெந்த கமிட்டியில எங்களுக்கு இடம் இருக்கு?

குறைதீர்க் குழுவில் ஒரு மாணவர் சிறப்பு அழைப்பாளர். கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவில், அதாவது எல்லாரும் 'ஐக்யூஏசி' என்று சொல்வதில், மாணவர் பிரதிநிதி ஒருவர். ராகிங் தடுப்புக் குழுவில் முதலாண்டு மாணவரும் சீனியரும் இருக்க வேண்டும். பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில், மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால், ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் இடம்பெற வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது.

நடைமுறையில் இந்த இடங்களுக்கு யாரோ ஒருவரின் பெயர் தாளில் மட்டும் இருக்கும். அவருக்கே தெரியாது. முதல் மாதத்திலேயே இந்தப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். புதிய போராட்டம் எதுவும் இல்லாமல் ஏற்கெனவே உங்களுக்கு இருக்கிற நாற்காலிகள் இவை.

காலையில காலேஜ், ராத்திரி வேலைன்னு இருக்கற பசங்களை பேரவைக்குள்ள எப்படிக் கொண்டுவர்றது?

இனிவரும் ஆண்டுகளில் பேரவைகள் அதிகம் யோசிக்க வேண்டியது இவர்களைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். ஸ்விக்கி, ஸொமாட்டோ டெலிவரி, துணிக்கடை, கேட்டரிங் என்று வேலை பார்த்துவிட்டு நள்ளிரவுக்கு மேல் படுத்து, காலை முதல் பாடவேளையைத் தவற விடுகிறவர்கள். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய், அபராதம் கட்டித் தேர்வு எழுதுகிறவர்கள். சம்பாதித்ததே அதற்குப் போய்விடும். அவர்களைச் சோம்பேறி என்று சொல்லும் வகுப்பறைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

கூட்டத்துக்கு வரச் சொன்னால் வர முடியாது, நீங்கள்தான் போக வேண்டும். இரண்டாம் ஷிப்ட் உள்ள கல்லூரிகளில் பேரவைக் கூட்டம் எப்போதும் முதல் ஷிப்ட் முடிந்ததும் நடக்கிறது. மாதம் ஒரு முறையாவது ஷிப்ட் மாறுகிற இடைவேளையில் வையுங்கள். நிர்வாகிகளில் ஒருவர் இரண்டாம் ஷிப்டிலிருந்து வர வேண்டும் என்று விதியே எழுதுங்கள். நூலக நேரம், கட்டணத் தவணை, சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பு இவைதான் அவர்கள் கேட்பது.

மனசு சரியில்லைன்னு வர்ற ஃப்ரெண்ட்ஸுக்கு பேரவை என்ன செய்யணும்?

கவுன்சலிங் கொடுக்க முயலாதீர்கள், அது உங்கள் வேலை இல்லை. கேளுங்கள், தனியாக விடாதீர்கள், நம்பிக்கையான ஒரு ஆசிரியரிடம் அல்லது ஆலோசகரிடம் அழைத்துப்போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-இல் எந்த நேரமும் பேசலாம். அந்த எண்ணை விடுதிப் படிக்கட்டிலும் கழிப்பறைக் கதவின் உள்பக்கமும் ஒட்டுங்கள். தனியாக இருக்கும்போதுதான் அது கண்ணில் பட வேண்டும்.

100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் அதுதான் உங்கள் முதல் கோரிக்கை.

கட்சி மாணவர் அணியிலிருந்து "நாங்க உதவறோம்"னு வர்றாங்க. வாங்கிக்கலாமா? அரசியலே வேண்டாம்னு வீட்ல சொல்றாங்க.

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாணவர்களால் நடந்தது, அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவை நிறைத்தவர்களும் இளைஞர்கள்தான். அரசியல் இல்லாத மாணவர் வரலாறு நமக்கு இல்லை. தனிப்பட்ட முறையில் உங்களுக்குக் கட்சி சார்பு இருக்கலாம். 18 வயதில் ஓட்டுப் போடுகிறவருக்கு அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பேரவை என்ற அமைப்பின் பெயரில் கட்சிப் பணம் மட்டும் வேண்டாம். மேலே சொன்ன லிங்டோ பரிந்துரையும் வேட்பாளர்கள் கட்சிகளிடம் நிதி பெறக் கூடாது என்கிறது. அதைவிட நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. ஒரு கட்சியிடம் மைக் செட்டுக்குப் பணம் வாங்கினால், அடுத்த மாதம் அந்தக் கட்சி ஆளும் உள்ளாட்சியில் சாலை விளக்கு கேட்டுப் போக உங்களுக்கு வாய் வராது.

'ரூட்டு தல', பஸ் டேன்னு நடக்கறதுக்கெல்லாம் பேரவையைத்தான் குறை சொல்றாங்க. நாங்க என்ன செய்யறது?

ஒரே பஸ் தடத்தில் வரும் மாணவர்களுக்குத் தலைவனாக இருப்பவன்தான் 'ரூட்டு தல'. அந்தத் தடத்து பஸ்ஸில் கூட்டமாக ஏறிக் கொண்டாடுவது 'பஸ் டே'. 2019 ஜூனில் சென்னையில் அப்படி பஸ் கூரைமேல் ஏறிய மாணவர்கள் பிரேக் போட்டதும் கொத்தாகச் சரிந்து விழுந்த காட்சியை எல்லாரும் பார்த்தோம். அப்படி ஏறுகிற பையன்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. கல்லூரிக்குள் அவர்களைக் கேட்க ஆள் இல்லை. ஒரு தடத்தில் வருகிற பையன்களுக்கு அந்தத் தடம்தான் மரியாதை தருகிற இடமாக இருக்கிறது. அவர்களில் சிலரைப் பேரவை வேலைக்குள் இழுங்கள். பஸ் நேரம் குறிக்கிற அந்த ஒரு வாரக் கணக்கெடுப்புக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

அடிதடி, ஆயுதம் என்று வந்தால் மறைக்காதீர்கள். அன்றே ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

செயலாளர் பாதியிலேயே விலகிட்டா திட்டம் என்ன ஆகும்?

தேர்தல் முடிந்த இரண்டு மாதத்துக்குள் என்றால் மறுதேர்தல். அதற்குப் பிறகு என்றால் இணைச் செயலாளர் செயலாளர் ஆகலாம், தலைவர் விலகினால் துணைத் தலைவர் அந்த இடத்துக்கு வரலாம். இதுவும் லிங்டோ பரிந்துரைதான். அதனால் துணைப் பதவிகளில் முடிந்தவரை இரண்டாம் ஆண்டு மாணவர்களை வையுங்கள்.

நாங்க போட்ட திட்டத்தை அடுத்த பேரவை தூக்கிப் போட்டுட்டா?

போடலாம், அது அவர்கள் உரிமை. முன்னுரிமையை அவர்கள் மாற்றலாம், ஆனால் தெரியாமல் கைவிடக் கூடாது. அதற்கு ஒரு தடித்த நோட்டு போதும். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பக்கம். என்ன கேட்டோம், எந்தத் தேதியில், யாரிடம், பதில் என்ன, கோப்பு எந்த மேசையில் நிற்கிறது, அடுத்து யாரைப் பார்க்க வேண்டும். மனு நகலையும் ரசீதையும் அங்கேயே ஒட்டுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அட்மின் போனை மாற்றினால் எல்லாம் போய்விடும்.

மார்ச் முதல் வாரத்தில், தேர்வுக்கு முன்பே, இரண்டாம் ஆண்டுப் பிரதிநிதிகளை உட்கார வைத்து நோட்டை ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். கிளை மேலாளரிடமும் ஆட்சியர் அலுவலகத்திலும் அவர்களை ஒரு முறை கூடவே அழைத்துப்போங்கள். நோட்டின் ஒரு நகலை நூலகரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆலோசகரை மட்டும் நம்ப வேண்டாம், எங்களுக்கும் இடமாறுதல் வரும்.